எங்க வீட்டுத் தேர்

இவள் காலை மடக்கச் சொல்லாதீங்கக்கா. மடக்கினால் மறுபடி நீட்டுவதற்குள் காந்திபுரமே வந்துவிடும். உங்கள் அண்டாவுக்கு ஒன்றும் ஆகாது, எவர்சில்வர்தானே? வேண்டுமென்றால் அண்டாவை என் மடியில் வைத்துக்கொள்கிறேன், கொடுங்க. பேர் வெட்டியிருக்கிறதே, "அன்புடன் சித்தி". சித்தி நீங்களா? புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்களா? அண்டா நல்ல கனம். நல்ல சித்தி.

முறைக்காதீங்க. நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை. "இத்தனூண்டு புள்ள மகாராணியாட்டம் காலை நீட்டிட்டு உக்காந்திருக்குது, பெரியவங்க நிக்கறாங்க, என்ன வளத்தி வெச்சிருக்காங்களோ." இதைத்தானே சொன்னீங்க? ஐயோ, ஆமாம், உங்கள் குரல்தான். கோவிச்சுக்காதீங்கக்கா. யார் பேசினாலும் என் வாய் தானாக அந்தப் பக்கம் போய்விடும். இப்போது பாருங்க. "ஏறுங் ஏறுங், உள்ள போங், படியில நிக்காதீங்!" திரும்பிப் பார்த்தாரா கண்டக்டர்? தன் குரல் பின் சீட்டிலிருந்து வருகிறதே என்று தேடுகிறார் பாருங்க, பாவம்.

என் பேர் மௌனிகா. சிரிங்க, எல்லோரும் சிரிப்பார்கள். பேர் வைக்கிறபோது நான் வாயைத் திறக்கவில்லை, அதனால் வந்த வினை. பதினொன்றாவது படிக்கிறேன். இவள் கனிஷ்கா, கனி என்று கூப்பிடுவோம், ஆறு வயசு ஆகப் போகிறது. அதோ முன் சீட்டில், மடியில் பெரிய எக்ஸ்ரே கவரோடு இருப்பது எங்கள் அம்மா. பஸ்ஸில் வாந்தி வரும், அதனால் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன். இந்தக் கதையை வெளியில் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

இவளுக்கு மூட்டுவாதம்.

பாருங்க, அதே முகம்! எல்லோரும் இந்த முகத்தைத்தான் வைக்கிறார்கள். அடுத்து நீங்கள் சொல்லப் போவதையும் நானே சொல்லட்டுமா? "சின்னப் புள்ளைக்கா? அது கெழடு கட்டைகளுக்கு வர்றதல்லோ?" எங்கள் பக்கத்து வீட்டு அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "எனக்கே இன்னும் வல்லியே!" என்று கோபப்பட்டார். ரேஷன் கடை வரிசையில் கனி அவரைத் தள்ளிவிட்டு முன்னால் போய்விட்ட மாதிரி.

இன்றைக்கு டாக்டரிடம்தான் போகிறோம். போய், இவள் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "வலிக்குது." அவ்வளவுதான். எங்கே வலிக்கிறது என்று இவள் சொன்னால் டாக்டரம்மா மருந்தை மாற்றுவார். "இல்லீங்க, நல்லாருக்குதுங்க" என்றால் அதே மருந்து இன்னும் மூன்று மாசம். அதற்குள் மூட்டு இறுகிக்கொண்டால் அப்புறம் எந்தச் சாமியாலும் திருப்ப முடியாதாம். "வீங்கினா என் கைக்குத் தெரியும். வீங்காம உள்ளுக்குள்ள இறுகறதை இவதான் சொல்லணும்" என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். இவளோ சொல்ல மாட்டாள். அம்மாவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இவளைப் பாருங்க, உங்கள் அண்டாவுக்கு முட்டுக்கொடுத்துத் தூங்குகிறாள்.

முதலில் இருந்து சொல்கிறேன், கேளுங்க. அவிநாசி தாண்டுவதற்குள் பாதிக் கதை வந்துவிடும்.

போன சித்திரையில் அவிநாசித் தேருக்குப் போனோம். அப்பா தோளில் கனி. நல்ல கூட்டம். மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன், இவள் பாயிலிருந்து எழுந்து பாத்ரூமுக்கு வருகிறாள். எப்படி வருகிறாள் தெரியுமா? சுவரில் ஒரு கை. ஒரு கால் முன்னே போகிறது. நிற்கிறது. யோசிக்கிறது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. பின்னங்கால் இழுபட்டு வந்து சேர்கிறது. மறுபடி நிற்கிறது. எனக்கு வேறு என்ன ஞாபகம் வரும்? முந்தின நாள்தானே பார்த்தோம்!

"தேர் கெளம்பிருச்சுங்கோ! வடத்தைப் புடிங்கோ! ஏ, முட்டுக்கட்டை போடறவரு எங்கீங்க? சாயுது சாயுது!"

அவள் பின்னாலேயே நானும் அதே மாதிரி நடந்தேன். அதே சாய்வு, அதே இழுப்பு. அப்பாவுக்குக் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. அம்மா டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டே சிரித்தார். கனியும் சிரித்தாள். சிரித்தாள்க்கா, நான் பொய் சொல்லவில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, ஏனென்றால் பிற்பாடு எல்லோரும் வேறு மாதிரிப் பேசினார்கள்.

அப்புறம் தினமும் தேர்தான். பாயிலிருந்து பாத்ரூமுக்கு எட்டு அடி. தேருக்கு நாலு நிமிஷம். ஒன்பது மணி ஆனால் போதும், தேராவது ஒன்றாவது, தெருவில் பையன்களோடு ஓடிக்கொண்டிருப்பாள். அதனால் யாரும் எதுவும் நினைக்கவில்லை. தூக்கக் கலக்கம், சோம்பேறித்தனம், ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க நடிப்பு. நடிப்பு என்றால் எனக்குத் தெரியாதா?

கொஞ்ச நாளில் இவள் எழுந்திருப்பதையே நிறுத்திவிட்டாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "எல்லாரும் போனாத்தான் எந்திரிப்பேன்." அம்மாவுக்குக் காலையில் எட்டரைக்குக் கம்பெனி. பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். அப்பாவுக்கு மினிடோர் ஆட்டோ, துணி மூட்டை எடுக்க ஏழுக்கே போய்விடுவார். இவளுக்காக யார் உட்கார்ந்திருப்பது? "எந்திரி சாமி, எந்திரி என்ற தங்கம்" என்று ஆரம்பிக்கும் அம்மா குரல், எட்டேகாலுக்கு "எந்திரிக்கறியா முதுகைப் பழுக்க வெக்கட்டுமா" என்று முடியும். எழுந்திருக்க மாட்டாள். ரெண்டு தடவை பாயிலேயே போய்விட்டாள். அஞ்சு வயசுக் கழுதை, எட்டு அடியில் பாத்ரூம்! நான் விடுவேனா? "முனிசிபாலிட்டி தண்ணி லாரி வந்துருச்சு, கொடத்தை எடுத்துட்டு வாங்கோ!" அன்றைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. தூக்கம் போதவில்லை போல.

ஆனி மாசம் ஒன்றாம் வகுப்பு. பத்தே நாளில் டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்தது. அந்த மிஸ் பேசுவது எப்படியிருக்கும் என்றால், மூக்கில் துணி கிளிப் மாட்டின மாதிரி. "கனிஷ்கா ஈஸ் வெரி அடமன்ட். ஷீ ரெஃப்யூசஸ் டு சிட்." சம்மணம் போட்டு உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாளாம், கதை நேரத்தில் முப்பது பிள்ளைகளும் கீழே இருக்க இவள் மட்டும் சுவரோரம் நிற்கிறாளாம். அடம் என்று தமிழில் சொன்னால் முதுகில் விழும், அடமன்ட் என்று இங்கிலீஷில் சொன்னால் டைரியில் விழும், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். "பிடிவாதம்னு எழுதியிருக்கும்மா" என்றேன். "யாராட்டம் இருக்குமோ" என்று அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

அந்த மாசக் கடைசியில் எங்கள் மாமா பையனுக்குக் காதுகுத்து. நூறு பேர் இருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும், "ஏ மௌனி, எதாச்சும் பண்ணு." நான் முதலில் பெரிய மாமா மொய் எழுதுகிறவரை மிரட்டுவதைப் பண்ணினேன், சமையல்காரர் பாயசத்துக்குக் கணக்குச் சொல்வதைப் பண்ணினேன். கடைசியில் நம் தேர். மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். ஐயோ, நூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்க்கா. "யாரு மாதிரி, யாரு மாதிரி?" என்று கேட்டார்கள். கனியைக் காட்டினேன். அவள் ஐஸ்கிரீம் கப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு முழுக்க என்னமாய் நடந்தாள் தெரியுமா! நேரே, நிமிர்ந்து, போலீஸ் மாதிரி. மற்ற பிள்ளைகளோடு ஓடிப்பிடித்துக்கூட விளையாடினாள். பார்த்தீங்களா, எல்லாம் நடிப்புத்தான் என்றேன் நான்.

ராத்திரி குளிப்பாட்டும்போதுதான் அம்மா கூப்பிட்டார். இடது முழங்கால் வலது முழங்காலை மாதிரி இல்லை. கொழுக்கட்டை மாதிரி புசுபுசு என்று, தொட்டால் சூடாக. "விழுந்தியா?" "இல்லீம்மா." "வலிக்குதா?" "இல்லீம்மா." அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த இல்லீம்மா. இன்று வரைக்கும் அதே.

பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவார். அந்நேரத்துக்கு இவள் ஜம்மென்று இருப்பாள். நடக்கச் சொன்னார், நடந்தாள். "ஒண்ணுமில்லம்மா. வளர்ற புள்ளைக்கு வர்ற வலி. முட்டை குடுங்க." முட்டை கொடுத்தோம். ஒரு மாசம் கழித்து இன்னொரு டாக்டர். அவரும் சாயங்காலம்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தார். "வாதமெல்லாம் இல்லம்மா. ரத்தத்துல ஒண்ணுமே காட்டல. புள்ளை செல்லமா வளந்திருக்கு." இதற்கு மேல் யாராக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். எங்கள் அம்மா விடவில்லை. ஏனென்றால் காலையில் எட்டு மணிக்கு அந்தப் போர்வையைத் தூக்கிப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். கோயம்புத்தூரில் குழந்தைகளுடைய மூட்டுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று கம்பெனியில் யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

ஆனால் லீவு யார் கொடுப்பது? ஷிப்மென்ட் நேரம். அம்மாவுடைய சூப்பர்வைசரைப் பற்றித் தனியாக ஒரு பஸ் பிரயாணம் முழுக்கச் சொல்லலாம். தொண்டையில் எப்பவும் ஒரு கரகரப்பு. "என்ன்ன்னம்மா, லைன் நின்னுட்டிருக்குது, கதை பேசிட்டிருக்கீங்க?" அம்மா அவரிடம் லீவு கேட்க மூன்று நாள் போய் மூன்று நாளும் கேட்காமல் திரும்பி வந்தார். நாலாம் நாள் நானே அவருக்குப் போன் போட்டேன். அம்மா குரலில்தான். கொஞ்சம் இருமலும் சேர்த்துக்கொண்டேன். "சார்… சுகந்தி பேசறனுங் சார்… பாப்பாவுக்கு ஒடம்பு சுகமில்லீங் சார்… வியாழக்கெழம ஒரு நாளு…" அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஏன் என்றால் அம்மா அப்போது அவருக்கு நேர் எதிரே நின்று டீஷர்ட் மடித்துக்கொண்டிருந்தாராம்! நான் அன்றைக்கு அம்மாவுக்கு மதியம் ஷிப்ட் என்று நினைத்துவிட்டேன். சூப்பர்வைசர் போனைப் பார்க்கிறார், அம்மாவைப் பார்க்கிறார், போனைப் பார்க்கிறார். அப்புறம் சொன்னாராம், "ரெண்டு சுகந்தி இருக்கீங்க போல. ஒருத்தி ஷிப்மென்ட்டைப் பாக்கட்டும், ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்." அம்மாவுக்கு அவமானம். ஆனால் லீவு கிடைத்ததா இல்லையா?

ஆவணி மாசம். வியாழக்கிழமை. மூன்று மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். இங்கேயும் காலை நேரம் கிடைக்கவில்லை! டாக்டரம்மா குரல் எப்படி என்றால், பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "வாங்க கனிஷ்கா… உக்காருங்க… நடந்து காட்டுங்க பாக்கலாம்." கனி எழுந்தாள். குடியரசு தின அணிவகுப்பு. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர், ஒரு திரும்பல், மறுபடி இந்தச் சுவர். சல்யூட் ஒன்றுதான் பாக்கி. ஏசி போட்ட அறை, ஆனாலும் மேலுதட்டில் வியர்வை. புது ஆட்களைப் பார்த்தால் அவளுக்குக் கூச்சம்.

"காலைல எப்படி நடப்பா?" என்றார் டாக்டரம்மா.

"கொஞ்சம்… தாங்கித் தாங்கி நடப்பாளுங்க…"

"எப்படித் தாங்கி?"

அம்மா எழுந்து ரெண்டு அடி வைத்தார். அது தண்ணீர்க் குடம் சுமந்து வருகிற நடை. அம்மாவுக்கு நடிப்பு வராது, பொய்கூட வராது. "அப்படி இல்லீங்க, இது… எப்படிச் சொல்றது…" கையைப் பிசைகிறார். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே பத்துப் பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள்.

நான் எழுந்தேன். கேட்கவே வேண்டாம். கதவோரம் போய் நின்று, "தேர் கெளம்பிருச்சுங்கோ!" சுவரில் கை. முன்கால். நிற்கிறேன். யோசிக்கிறேன். சாய்கிறேன். பின்னங்காலை இழுக்கிறேன். டாக்டரம்மா சிரிக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது, என் ஆட்டத்துக்குச் சிரிக்காத முதல் ஆள்.

"இன்னொரு தடவை," என்றார். பஞ்சு மூட்டை போன இடம் தெரியவில்லை. "மெதுவா. முன்னாடி எந்தக் கால்?… குதிகால் தரையில படுமா?… விரல் எப்படி இருக்கும்?… இங்கிருந்து அங்க போக எவ்வளவு நேரம்?" எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. குதிகால் படாது. விரல் மடங்காது. நாலு நிமிஷம், மழை நாளில் ஆறு. நான்தான் தினமும் பார்த்துப் பார்த்துப் பழகியவள் ஆயிற்றே! டாக்டரம்மா எழுந்து வந்து கனியின் முழங்கால், கணுக்கால் எல்லாம் அமுக்கிப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார், மூட்டுவாதம் என்று. சில பிள்ளைகளுக்கு ரத்தத்தில் தெரியாதாம். நம் உடம்பே நம் மூட்டை யாரோ எதிரி என்று நினைத்துச் சண்டை போடுமாம்.

"ஸ்கூல்ல பிடிவாதம்னு எழுதினாங்க டாக்டர், பாதி வார்த்தை கரெக்ட்டுத்தான்!" என்றேன் நான். அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. மோசமான ஆடியன்ஸ்.

"இதை எப்போலருந்து செய்யறே?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"சித்திரையிலருந்து மேடம். தெனமும்."

"நீ செய்யும்போது இவ என்ன பண்ணுவா?"

"சிரிப்பா மேடம்."

"இப்ப சிரிக்கறாளா பாரு."

பார்த்தேன். கனி கவுன் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். டாக்டர் அறையில் எந்தப் பிள்ளை சிரிக்கும்? டாக்டரம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். என் பேரை எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். சித்திரை என்று மட்டும்தான் எழுதியிருந்தார்.

நியாயமாகச் சொல்லுங்கக்கா. ரெண்டு டாக்டர் கண்டுபிடிக்காததை நான் நடந்து காட்டிக் கண்டுபிடித்தேன். ஒரு மாலை, ஒரு பொன்னாடை, ஒரு பரோட்டாவாவது? திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கனியின் காலை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். அவிநாசி வந்ததும்தான், "இனிமே நம்ம வீட்ல தேர் ஓடாது" என்றார். "நான்தானம்மா கண்டுபுடிச்சேன்!" என்றேன். அதற்கு அம்மா சொன்னார், "ஆமா கண்ணு. நீதான். நாலு மாசமா தெனமும் நீ கண்டுபுடிச்சுத்தான் காட்டினே. நாங்கதான் சிரிச்சுட்டிருந்தோம்." இது பாராட்டா திட்டா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

மறுநாள் அம்மா அந்த டைரியை எடுத்து, சிவப்பு மைக்குக் கீழே எழுதினார். அஞ்சாவதோடு நின்றவர், ஒவ்வோர் எழுத்தாக. "பிடிவாதம் அல்ல. மூட்டுவாதம். தயவுசெய்து நாற்காலி தரவும். அம்மா." அந்த மிஸ் தன் நாற்காலியையே கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பாடம் நடத்தினாராம். அதனால் அவருடைய மூக்குக் குரலை நான் இப்போது ஸ்கூல் பக்கம் செய்வதில்லை. வீட்டில் மட்டும்தான்.

அப்புறம் எங்கள் வீட்டுக் காலை முழுக்க மாறிவிட்டது. அம்மா அஞ்சு மணிக்கே எழுந்து அண்டாவில், இதில் பாதி இருக்கும், வெந்நீர் போடுவார். துண்டை நனைத்துப் பிழிந்து, கனி தூங்கும்போதே போர்வைக்குள் கைவிட்டு முழங்காலைச் சுற்றிக் கட்டுவார். அவள் கண் விழிக்கும்போது கால் பாதி விழித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மாத்திரை, மஞ்சள் நிறம். அதற்கு இவள் வாந்தி எடுத்து எடுத்து, இப்போது மஞ்சளாக எதைப் பார்த்தாலும் குமட்டும். எங்கள் வீட்டில் எலுமிச்சைச் சாதம் செய்து நாலு மாசம் ஆகிறது. எனக்கு உயிர் அந்தச் சாதம். யாராவது என்னைக் கேட்டார்களா?

காலை மடக்கி நீட்டும் பயிற்சி வேறு. அம்மா சொன்னால் செய்ய மாட்டாள், அப்பா சொன்னால் அப்பாவே அழுதுவிடுவார். கடைசியில் அம்மாவே என்னிடம் வந்து, "அந்தச் சூப்பர்வைசரைக் கூப்பிடு" என்றார். தடை போட்ட அதே வாய்! நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்ன்ன்னம்மா முட்டி செக்‌ஷன்! எத்தனை பீஸ் ஆச்சு?"

"ஆறு பீஸ் சார்."

"ஆறா? பத்துப் பீஸ் வேணும்மா, இன்னிக்கு ஷிப்மென்ட்! லாரி வாசல்ல நிக்குது!"

"மெஷின் சூடாயிருச்சு சார். டீ டைம் குடுங்க சார்."

டீ டைம் கேட்டால் வலிக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்தது அம்மா. வலிக்குதா என்று கேட்டால் இல்லீம்மா, ஆனால் சூப்பர்வைசரிடம் டீ டைம் கேட்பாள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று எண்ணி, காலண்டரில் குறித்து, டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஐப்பசியில் டாக்டரம்மா, "வலி இருந்தா ஊசிக்கு மாத்திடலாம்" என்றார். இவள் காதில் விழுந்துவிட்டது. அன்றோடு டீ டைம் போச்சு. பத்துப் பீஸ் என்றால் பத்துப் பீஸ். பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டுகூடப் போடுகிறாள். இப்போது மார்கழிக் குளிர். காலையில் அம்மா துண்டு கட்டுகிற நேரம் கூடிக்கொண்டே போகிறது. கேட்டால், இல்லீம்மா. "ஊசிக்குப் பயம்" என்றேன் நான். "ஊசிக்கு இல்ல. சொன்னா எல்லாரும் பாப்பாங்க, சிரிப்பாங்கன்னு பயம்" என்றார் அம்மா. சிரித்தால் என்னக்கா? சிரிக்க வைப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்று எனக்கல்லவா தெரியும்?

இன்றைக்குக் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னார். "நீ ஒருக்கா கேளு மௌனி. எங்ககிட்ட சொல்ல மாட்டேங்கறா. நீ கேட்டாச் சொல்லுவா." கேட்டேன். டாக்டரம்மா குரலில் கேட்டேன், சூப்பர்வைசர் குரலில் கேட்டேன், மூக்கு மிஸ் குரலில், அப்பா குரலில், கார்ட்டூன் எலிக் குரலில். அஞ்சு பேருக்கும் "இல்லீங்க" என்றாள். அம்மாவிடம் வந்து சொன்னேன். "உன்ற சொந்தக் கொரல்ல கேட்டியா?" என்றார். சொந்தக் குரலா? அது எதுவென்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டுப் போகிறேன்!

காந்திபுரம் வந்துவிட்டது பாருங்க. இருங்க, எழுந்திருக்காதீங்க. எல்லோரும் இறங்கின பிறகுதான் நாங்கள் இறங்குவோம், அது எங்கள் வழக்கம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இவளுக்கு மறுபடி காலை ஏழு மணி ஆகிவிடும். நீங்களும் உள் பக்கம் மாட்டிக்கொண்டீங்க, அண்டா வேறு. கனி… ஏ கனிக்குட்டி… எந்திரி சாமி. ஊர் வந்துருச்சு.

மெதுவா. சீட்டுக் கம்பியைப் பிடி.

"எறங்குங் எறங்குங், வண்டி எடுக்கோணும்!" இது நான் இல்லைக்கா, நிஜக் கண்டக்டர். இறங்குகிறோம்ண்ணா! பாருங்க, அந்தக் கடைசி சீட்டுக்காரர்கள் எல்லாம் இவளையே பார்க்கிறார்கள். இவளும் பார்த்துவிட்டாள். முதுகை நிமிர்த்துகிறாள் பாருங்க, அணிவகுப்புக்குத் தயாராகிறாள். இப்படியே போய் டாக்டரம்மா முன்னாலும் நிமிர்ந்து நின்றால் முடிந்தது கதை.

அம்மா, முறைக்காதீங்க. ஒரே ஒரு தடவை. எல்லோரும் என்னைப் பார்க்கட்டுமே, இவள் பாட்டுக்குப் பின்னால் வரட்டும். அக்கா, கொஞ்சம் அண்டாவைப் பிடிங்க. ஏ பின் சீட்டு, இங்கே பாருங்கோ! சீட்டில் கை. முன்கால். நிற்கிறேன். சாய்கிறேன்…

என்னடி?

என்ன தப்பு?

கேட்டீங்களாக்கா? தப்பாம்! சித்திரையிலிருந்து ஊரே பார்த்த ஆட்டம், நூறு பேர் கைதட்டின ஆட்டம், தப்பு என்கிறாள்! "அந்தக் காலில்ல"யாம். அந்தக் கால் இப்போது பரவாயில்லையாம். இந்தக் காலாம். வலதா? வலது கால் எப்போதிருந்துடி? சரி சரி, வலது. இப்படியா? இங்கேயா? கணுக்காலிலா?

அப்புறம்?

கையுமா?

அம்மா, பை கீழே விழுந்துவிட்டது. அம்மா, எக்ஸ்ரே! எங்கள் அம்மாவைப் பாருங்க, நகரவே மாட்டேன் என்கிறார். கனி, கை எப்படி? மணிக்கட்டா? கம்பியைப் பிடித்தாலா, சும்மாவேயா? நான் பிடித்திருப்பது சரியா, இன்னும் மேலேயா? எனக்குத் தெரியாதுடி, சத்தியமாகத் தெரியாது, நீ சொன்னால்தானே செய்ய முடியும். இன்னும் மெதுவாகவா?

விசில் அடிக்காதீங்கண்ணா. ஒரு நிமிஷம் இருங்க. பாப்பா சொல்லிட்டிருக்கா.